ஓபிஎம் ஃப்ளோ, ரெஸ்இன்சைட்: வாட்டர்ஃப்ளட் கணக்குக்கு ஃப்ரீ சாஃப்ட்வேர் தாங்குமா?

பெட்ரோலியம் இன்ஜினியரிங் படிக்கிற பசங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. ரிசர்வாயர் சிமுலேஷன் (எண்ணெய் இருக்குற பாறைக்குள்ள எண்ணெயும் தண்ணியும் எப்படி நகரும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது) கத்துக்கணும், சொந்தமா லைசென்ஸ் வாங்க வழியில்ல, லேப்ல இருக்குற நாலு சீட்டுக்கு எப்பவும் க்யூ, வீட்ல உக்காந்து போட்டு பாக்க ஏதாச்சும் இருக்கான்னு. இருக்கு. ஓபிஎம் ஃப்ளோன்னு ஒரு சிமுலேட்டர், அதோட ரிசல்ட்ட முப்பரிமாணத்துல பாக்க ரெஸ்இன்சைட்னு ஒரு வியூவர், ரெண்டுமே ஃப்ரீ, ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ், ஜிபிஎல் லைசென்ஸ். ரெண்டையும் வாட்டர்ஃப்ளட், அதாவது தண்ணி ஏத்தி எண்ணெய தள்ளி எடுக்குற கணக்குக்குன்னே ரொம்ப நாளா யூஸ் பண்றேன், அதனால முடிவ முதல்லயே சொல்லிடுறேன்: கத்துக்கவும் சரி, ஒரு நிஜ ஃபீல்டுக்கு ப்ரெடிக்ஷன் போடவும் சரி, தாராளமா தாங்கும். அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு போகப்போக சொல்றேன்.

ஓபிஎம்னா ஓப்பன் போரஸ் மீடியா. நார்வேல இருக்குற சின்டெஃப், நோர்ஸ் மாதிரி ஆராய்ச்சி நிறுவனங்களும் ஈக்வினார் எண்ணெய் கம்பெனியும் சேந்து வளக்குற ப்ராஜெக்ட், வருஷத்துக்கு ரெண்டு ரிலீஸ், ஏப்ரல்ல ஒண்ணு அக்டோபர்ல ஒண்ணு. எண்ணெய், கேஸ், தண்ணி மூணையும் வச்சு பிளாக் ஆயில்ங்கிற வகை கணக்கு போடும், ஃபுல்லி இம்ப்ளிசிட், அதாவது ஒவ்வொரு நேரப்படிலயும் எல்லாத்தையும் சேத்தே தீர்க்கும். இதுல பெரிய வசதி என்னன்னா எக்லிப்ஸ்ங்கிற கமர்ஷியல் சிமுலேட்டரோட ஃபார்மேட்ல எழுதுன டெக்க (மாடலோட தகவலெல்லாம் இருக்குற இன்புட் ஃபைல்) அப்படியே படிக்கும், அவுட்புட்டும் அதே ஃபார்மேட்ல எழுதும். ரிசர்வாயர் வேலையில எக்லிப்ஸ் ஃபார்மேட் கிட்டத்தட்ட பொது மொழி மாதிரி ஆயிடுச்சு, அதனால ஃப்ளோவுல கத்துக்கிட்டது நாளைக்கு எந்த ஆபீஸ்க்கு போனாலும் வீணா போகாது.

இன்ஸ்டால் பண்றது உபுன்டு இருந்தா சுலபம், அவங்களோட பேக்கேஜ் சோர்ஸ சேத்துட்டு ஆப்ட்ல இழுத்தா வந்துடும். விண்டோஸ்காரங்க டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுற வசதி) போட்டு அதுக்குள்ள உபுன்டு வச்சுக்கணும், இல்லன்னா டாக்கர். ரெஸ்இன்சைட் விண்டோஸ்லயே நேரா ஓடும், அதனால நான் லினக்ஸ் பக்கம் கணக்க ஓட்டிட்டு விண்டோஸ் பக்கம் திறந்து பாக்குறேன், அந்த ஏற்பாடு நல்லா வேலை செய்யுது. ஃப்ளோவுக்கு ஜன்னலோ பட்டனோ கிடையாது, டெர்மினல்ல ஃப்ளோன்னு அடிச்சு பக்கத்துல டேட்டா ஃபைல் பேர குடுத்தா ஓட ஆரம்பிக்கும், அவ்ளோதான். பழகிட்டா இதுதான் வசதின்னு தோணும், ஏன்னா ஒரே டெக்க நூறு விதமா மாத்தி ராத்திரி முழுக்க ஓட விடணும்னா சின்ன ஸ்கிரிப்ட் போதும், மவுஸ் பிடிச்சுட்டு உக்கார வேண்டியதில்ல.

வாட்டர்ஃப்ளட் பத்தி தெரியாதவங்களுக்காக கொஞ்சம். எண்ணெய் பாறைக்குள்ள இருக்குற ப்ரஷர் தானா தள்ளுற வரைக்கும் தள்ளும், அது குறைஞ்சதும் சில கிணறு வழியா தண்ணிய உள்ள ஏத்தி எண்ணெய மத்த கிணறு பக்கம் தள்ளிட்டு போறதுதான் வாட்டர்ஃப்ளட். இது யாரும் ப்ளான் பண்ணி கண்டுபிடிச்சதில்ல, 1860கள்ல அமெரிக்கால பென்சில்வேனியா பக்கம் சரியா அடைக்காத கிணறு வழியா தண்ணி தற்செயலா உள்ள போயி பக்கத்து கிணத்துல எண்ணெய் கூடுனத பாத்துதான் ஆரம்பிச்சது, 1880-லயே ஜான் கார்ல்ங்கிற ஜியாலஜிஸ்ட் தண்ணி எண்ணெய தள்ளும்னு எழுதி வச்சாரு, ஆனா அந்த மாநிலத்துல சட்டப்படி அனுமதி கிடைச்சது 1921-லதான். பிராட்ஃபோர்ட் ஃபீல்டுல 1924-ல ஃபைவ் ஸ்பாட் பேட்டர்ன் வந்துச்சு, நாலு மூலைல நாலு கிணறு, நடுவுல ஒண்ணு. இன்னைக்கு வரைக்கும் அந்த பேட்டர்ன்தான் பாடப்புத்தகத்துல முதல் படம்.

ஏத்துன தண்ணி எவ்ளோ எண்ணெய தள்ளும்ங்கிறத மூணா பிரிச்சு பெருக்குவாங்க. தண்ணி தொட்ட இடத்துல எவ்ளோ எண்ணெய் கிளம்புச்சு, அது டிஸ்ப்ளேஸ்மென்ட் எஃபிஷியன்சி. மேலருந்து பாத்தா பரப்புல எவ்ளோ தண்ணி தொட்டுச்சு, அது ஏரியல் ஸ்வீப். பக்கவாட்டுல பாத்தா எந்தெந்த லேயர தொட்டுச்சு, அது வெர்ட்டிகல் ஸ்வீப். வயலுக்கு தண்ணி பாய்ச்சுறப்ப பள்ளமான பாத்தி ரொம்பி வழிஞ்சுட்டு இருக்கும் மேட்டு பாத்தி காஞ்சு கிடக்கும் இல்லையா, ரிசர்வாயருக்குள்ளயும் அதேதான், பெர்மியபிலிட்டி (பாறை எவ்ளோ சுலபமா திரவத்த ஓட விடும்ங்கிற அளவு) ஜாஸ்தியா இருக்குற லேயர் தண்ணிய பூரா இழுத்துக்கும்.

ஒரு சிமுலேட்டர நம்பலாமா வேணாமான்னு எப்படி முடிவு பண்றது? எனக்கு தெரிஞ்ச ஒரே வழி, பேப்பர்ல கையால போடக்கூடிய கணக்க முதல்ல போட்டுட்டு அதையே சிமுலேட்டர்லயும் ஓட்டி ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்குறது. வாட்டர்ஃப்ளட்டுக்கு அந்த வசதி நல்லாவே இருக்கு, தண்ணி எண்ணெய எப்படி தள்ளிட்டு போகும்னு பக்லியும் லெவரெட்டும் 1942-ல குடுத்த தியரி, 1952-ல வெல்ஜ் குடுத்த டேன்ஜென்ட் வழி. எஸ்பிஇ 10-ன்னு ஒரு பெஞ்ச்மார்க் (எல்லாரும் ஒப்பிட்டு பாக்குற பொதுவான மாதிரி மாடல்) இருக்கு, அதோட ஃப்ளூயிட் டேட்டாவ எடுத்துக்கலாம்: எண்ணெய் விஸ்காசிட்டி 3 சென்டிபாய்ஸ், தண்ணி 0.3, பாறையோட துளை இடத்துல ஆரம்பத்துல தண்ணி 20 சதவீதம், கடைசில வெளிய வராம மாட்டிக்கிற எண்ணெயும் 20 சதவீதம், ரெலடிவ் பெர்மியபிலிட்டி (எண்ணெயும் தண்ணியும் சேந்து இருக்குறப்ப ஒவ்வொண்ணும் எவ்ளோ சுலபமா ஓடும்ங்கிற அளவு) ரெண்டுமே ஸ்கொயர் வளைவு. அதாவது எண்ட்பாயின்ட் மொபிலிட்டி ரேஷியோ (அதிகபட்சமா எண்ணெயவிட தண்ணி எத்தனை மடங்கு சுலபமா ஓடும்ங்கிறது) 10. இத போட்டா தண்ணி முகப்போட சாச்சுரேஷன் (துளைல தண்ணியோட பங்கு) 0.38 வருது, துளை இடத்துல 28 சதவீதம் அளவுக்கு தண்ணி ஏத்துனதும் பிரேக்த்ரூ ஆயிடுது, அதாவது ஏத்துன தண்ணி எடுக்குற கிணத்துக்கு வந்துடுது, அந்த நொடிலயே வாட்டர்கட் (வெளிய வர்ற திரவத்துல தண்ணியோட பங்கு) பூஜ்யத்துலருந்து 65 சதவீதத்துக்கு எகிறும், அதுவரைக்கும் எடுத்தது இருந்த எண்ணெயில 35 சதவீதம். அதுக்கப்புறம்தான் இழுவை. வாட்டர்கட் 90 ஆகுறப்ப மொத்தம் 47 சதவீதம் எடுத்திருப்போம், துளை இடத்துல 83 சதவீத அளவு தண்ணி ஏத்தியிருப்போம். 98-க்கு வர்றப்ப 60 சதவீதம், ஆனா அதுக்குள்ள துளை இடத்த போல மூணே கால் மடங்கு தண்ணி உள்ள போயிருக்கும். அந்த கடைசி 13 சதவீத எண்ணெய்க்காக எவ்ளோ தண்ணிய பம்ப் பண்ணி எவ்ளோ தண்ணிய வெளிய எடுத்து சுத்தம் பண்ணணும்னு நினைச்சு பாருங்க. இத்தனைக்கும் இது பாறை ஒரே சீரா இருந்தா வர்ற கணக்கு, நிஜத்துல எந்த பாறையும் அப்படி இருக்காது.

இப்ப இதே கணக்க ஃப்ளோவுல. ஒரே வரிசைல செல் (மாடல பிரிக்கிற சின்ன சின்ன கட்டம்) அடுக்கி ஒரு முனைல தண்ணி ஏத்தி மறு முனைல எடுத்தா போதும், டெக் சின்னதுதான், கண்ண மூடி திறக்குறதுக்குள்ள ஓடி முடிஞ்சிரும். செல் நிறைய குடுத்தா முகப்பு கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கும், பிரேக்த்ரூவும் கையால போட்டதுக்கு பக்கத்துலயே வரும். பத்து செல் மட்டும் குடுத்து பாருங்க, முகப்பு சரிஞ்சு சப்பையாகி தண்ணி முன்னாடியே எட்டி பாக்கும், வாட்டர்கட் எகிறாம மெதுவா ஏறும். இது ஃப்ளோவோட குறை இல்ல, இந்த மாதிரி ஃபர்ஸ்ட் ஆர்டர் அப்ஸ்ட்ரீம் கணக்கு போடுற எல்லா சிமுலேட்டருக்கும் உள்ள நியூமெரிக்கல் டிஸ்பெர்ஷன். ஆனா இத ஒவ்வொருத்தரும் தன் கையால ஓட்டி கண்ணால பாத்தாகணும், ஏன்னா நிஜ ஃபீல்டு மாடல்ல ரெண்டு கிணத்துக்கு நடுவுல பெரும்பாலும் பத்து செல்லோ அதவிட கம்மியாவோதான் இருக்கும்.

அடுத்த படி ஃபைவ் ஸ்பாட். இங்க ஒரு விஷயத்துல நிறைய பேரு சறுக்குறத பாக்குறேன். மொபிலிட்டி ரேஷியோ 10-ன்னு சொன்னேன்ல, அத அப்படியே எடுத்துட்டு போயி ஏரியல் ஸ்வீப் சார்ட்ல வச்சா பிரேக்த்ரூல பாதிக்கு பக்கம்தான் ஸ்வீப்னு காட்டும். ஆனா அந்த பழைய சார்ட்டுகள்ல க்ரெய்க்ங்கிற இன்ஜினியர் வச்ச மொபிலிட்டி ரேஷியோ வேற, முகப்புக்கு பின்னாடி இருக்குற சராசரி சாச்சுரேஷன்ல தண்ணியோட ரெலடிவ் பெர்மியபிலிட்டிய எடுக்கணும், எண்ட்பாயின்ட்ல இல்ல. நம்ம உதாரணத்துல அப்படி எடுத்தா ரேஷியோ 10 இல்ல, 2.1-தான் வரும், ஏரியல் ஸ்வீப் 58 சதவீதம் கிட்ட. அத 35-ஓட பெருக்குனா சீரான பாறைல ஃபைவ் ஸ்பாட்டோட பிரேக்த்ரூ ரெக்கவரி சுமார் 20 சதவீதம். சிமுலேட்டர் ஓட்டுறதுக்கு முன்னாடியே இந்த நம்பர் கைல இருக்கணும், அப்பதான் ஃப்ளோ 35-ன்னு சொன்னா எங்கயோ தப்புன்னு உடனே தெரியும்.

இந்த இடத்துல ஃப்ளோவுல நான் மார்க் குறைக்கிற முதல் விஷயம் வருது, கிரிட் ஓரியன்டேஷன், அதாவது செல் கட்டங்கள எந்த திசைல அடுக்குறோம்ங்கிறத பொறுத்து பதில் மாறுறது. ஒரே ஃபைவ் ஸ்பாட்ட கிரிட் கோட்டோட நேரா ஒரு தடவையும் 45 டிகிரி திருப்பி ஒரு தடவையும் ஓட்டுனா ரெண்டு பிரேக்த்ரூவும் ஒரே மாதிரி வராது, நேரா வச்சதுல தண்ணி முந்திக்கும், மூலைக்கு மூலை வச்சதுல லேட்டாகும். எண்ணெய் கெட்டியாக கெட்டியாக இந்த வித்தியாசம் ஜாஸ்தியாகும். காசு குடுத்து வாங்குற சிமுலேட்டர்லயும் டிஃபால்ட்டா இதே கதைதான், ஆனா சிலதுல நைன் பாயின்ட் ஸ்கீம்னு ஒரு வழி வச்சிருப்பாங்க. லேசான எண்ணெய்க்கு பரவால்ல, கெட்டி எண்ணெய்ல வாட்டர்ஃப்ளட் போடுறவங்க கிரிட்ட ரெண்டு விதமா வச்சு ஓட்டி பாத்துட்டு அப்புறம் ரிப்போர்ட் எழுதுங்க.

சரி, சீரான பாறை முடிஞ்சுது. நிஜமான வேலை எஸ்பிஇ 10 ரெண்டாவது மாடல்லதான் ஆரம்பிக்குது. 2001-ல கிறிஸ்டியும் பிளன்ட்டும் வெளியிட்டது, வடகடலோட பிரென்ட் பாறை மாதிரி செஞ்ச மாடல், 60-க்கு 220-க்கு 85, மொத்தம் 11 லட்சத்து 22 ஆயிரம் செல். மேல 35 லேயர் டார்பர்ட், கடலோரமா படிஞ்ச மணல். கீழ 50 லேயர் அப்பர் நெஸ், ஆறு ஓடுன தடம் தடமா மணல் சேனல். நடுவுல ஒரு இன்ஜெக்டர் ஒரு நாளைக்கு 5000 பீப்பாய் தண்ணி ஏத்தும், நாலு மூலைலயும் ப்ரொடியூசர் (எண்ணெய் எடுக்குற கிணறு), 2000 நாள். பெர்மியபிலிட்டி ஒரு மில்லிடார்சிக்கும் ரொம்ப கீழருந்து 20,000 மில்லிடார்சி வரைக்கும் போகும். பெரிய மாடல எப்படி சின்னதாக்குறது, சின்னதாக்குனா பதில் எவ்ளோ மாறுதுன்னு பாக்கத்தான் இத போட்டி மாதிரி விட்டாங்க.

இத ஃப்ளோவுல முழுசா ஓட்ட முடியுமா? முடியும், ஆனா சாதா லேப்டாப்ல மெமரி திணறும், பேரலலா ஓட்டுற வசதி இருக்கு, நிறைய கோர் உள்ள மெஷின் கிடைச்சா அங்க போடுங்க. லேப்டாப்ல கத்துக்கிறதுக்கு எல்லா லேயரும் வேணாம், டார்பர்ட்லருந்து ஒரு லேயர், அப்பர் நெஸ்லருந்து ஒரு லேயர் தனித்தனியா வெட்டி எடுத்து ஓட்டுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சு தண்ணி சாச்சுரேஷன பாத்தா ஸ்வீப்னா என்னன்னு அப்பதான் உள்ள இறங்கும். டார்பர்ட்ல முகப்பு ஓரம் பிஞ்சு பிஞ்சு இருந்தாலும் மொத்தமா நகரும். அப்பர் நெஸ்ல தண்ணி சேனல கண்டுபிடிச்சதும் அதுலயே வளைஞ்சு வளைஞ்சு ஓடி ப்ரொடியூசர்ல போயி விழும், ரெண்டு பக்கமும் எண்ணெய் தொடாம அப்படியே நிக்கும், நீங்க எத்தனை வருஷம் ஏத்துனாலும் பெருசா அசையாது. ஒரே தண்ணி, ஒரே எண்ணெய், ஒரே கிணறு, பாறை மட்டும்தான் வேற.

இங்கதான் கோர்ஸ் கிரிட் விஷயத்துல கவனமா இருக்கணும்னு சொல்றேன். செல்ல பெருசாக்குனா ரெண்டு தப்பு நடக்குது. முன்னாடி சொன்ன டிஸ்பெர்ஷனால தண்ணி சீக்கிரம் வர்ற மாதிரி காட்டும். அதே சமயம் சேனலோட பெர்மியபிலிட்டிய பக்கத்து களிமண்ணோட சேத்து சராசரி போட்டுடுறதால வேகமான பாதையே காணாம போயி தண்ணி லேட்டா வர்ற மாதிரியும் காட்டும். ரெண்டும் எதிரெதிர் திசை, சில சமயம் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு பிரேக்த்ரூ தேதி கரெக்டா வந்து நிக்கும். அத பாத்துட்டு மாடல் சூப்பர்னு சந்தோஷப்பட்டு, புதுசா ஒரு கிணறு எங்க போடலாம்னு அதே மாடல கேட்டா, தண்ணி ஏற்கனவே கழுவிட்டு போன இடத்த காட்டும். ஃப்ளோவோ வேற எந்த சாஃப்ட்வேரோ இத தானா பிடிச்சு சொல்லாது, நீங்கதான் ஒரு சின்ன பகுதியயாவது ஃபைன் கிரிட்ல ஓட்டி ஒத்து பாக்கணும்.

இப்ப ரெஸ்இன்சைட். சீட்ரான் சொல்யூஷன்ஸ் எழுதுனது, ஈக்வினார் பின்னாடி இருக்கு. நிறைய பேரு இத வெறும் கலர் படம் காட்டுற சாமான்னு நினைக்கிறாங்க, ரொம்ப தப்பு, வாட்டர்ஃப்ளட்காரங்களுக்கு இந்த ஜோடில எது முக்கியம்னு கேட்டா நான் ரெஸ்இன்சைட்டதான் சொல்வேன். காரணம் அதுல உள்ள ஃப்ளோ டயக்னாஸ்டிக்ஸ். ஒவ்வொரு செல்லுக்கும் இன்ஜெக்டர்லருந்து தண்ணி வந்து சேர எவ்ளோ நேரம் ஆகும்ங்கிற டைம் ஆஃப் ஃப்ளைட்ட கணக்கு போட்டு கலர்ல காட்டும். எந்த இன்ஜெக்டர் தண்ணி எந்த ப்ரொடியூசருக்கு எவ்ளோ போகுதுன்னு வெல் அலொகேஷன் ப்ளாட் போடும். அப்புறம் ஃப்ளோ கெபாசிட்டி ஸ்டோரேஜ் கெபாசிட்டி வளைவு, லாரன்ஸ் கோஎஃபிஷியன்ட், ஸ்வீப் எஃபிஷியன்சி வளைவு மூணும் ஒரே ப்ளாட்ல வரும். லாரன்ஸ் பூஜ்யம்னா தண்ணி பிஸ்டன் மாதிரி ஒரே சீரா தள்ளுதுன்னு அர்த்தம், ஒண்ண நெருங்க நெருங்க ஒத்த பாதைலயே எல்லா தண்ணியும் ஓடுதுன்னு அர்த்தம்.

இதுல நடைமுறை லாபம் என்னன்னா, ஒரு இன்ஜெக்டர்ல ஏத்துற தண்ணில பாதிக்கு மேல ஏற்கனவே 95 சதவீத வாட்டர்கட்ல இருக்குற ஒரே ப்ரொடியூசருக்கு போகுதுன்னு அலொகேஷன் ப்ளாட் காட்டுனா, அந்த ரேட்ட குறைச்சு வேற இன்ஜெக்டருக்கு குடுத்து உடனே ஓட்டி பாக்கலாம். ப்ரொடக்ஷன் வளைவ மட்டும் பாத்துட்டு இருந்தா இந்த விஷயம் கண்ணுக்கே படாது. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, டெக்ல ரீஸ்டார்ட் அவுட்புட் கேக்குறப்ப செல்லுக்கு செல் ஓடுற ஃப்ளோவையும் எழுத சொல்லணும், அப்பதான் இந்த கணக்கு நம்பகமா இருக்கும்.

ப்ரெடிக்ஷன்னு சொன்னா ஒரே ஒரு நம்பர் சொல்றது இல்ல, அதுக்கு நல்ல பாடம் எக் மாடல். நெதர்லாந்துல டெல்ஃப்ட் யூனிவர்சிட்டிகாரங்க 2014-ல எல்லாருக்கும் திறந்து விட்டது, முட்டை வடிவத்துல ஒரு சின்ன ரிசர்வாயர், 60-க்கு 60-க்கு 7 செல், அதுல 18,553 செல்தான் ஆக்டிவ், 8 இன்ஜெக்டர், 4 ப்ரொடியூசர், முழுக்க வாட்டர்ஃப்ளட். சேனல் எப்படி ஓடுதுன்னு நூறு விதமா பெர்மியபிலிட்டி மேப் கூடவே குடுத்திருக்காங்க. சின்ன மாடல், அதனால சாதா லேப்டாப்லயே நூறையும் ஒரு லூப்ல போட்டு ஓட்டிடலாம். ஓட்டி முடிச்சு ஒரு ப்ரொடியூசரோட வாட்டர்கட் வளைவு நூறையும் ஒரே படத்துல போட்டா விசிறி மாதிரி விரியும், அதுல எது உண்மைன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஏன்னா கிணறு தோண்டுன இடம் தவிர வேற எங்கயும் பாறைய நாம பாத்ததில்ல. மேனேஜர் ஒரு நம்பர் கேப்பாரு, ஆனா நேர்மையா குடுக்க வேண்டியது அந்த விசிறியதான். லைசென்ஸ் எண்ணிக்கை பத்தி கவலையே இல்லாம நூறு ரன் ஓட்ட முடியுறது இந்த ஃப்ரீ சாஃப்ட்வேரோட உண்மையான பலம், இது ஒண்ணுக்காகவே நான் இத சிபாரிசு பண்ணுவேன்.

நிஜ ஃபீல்டு வேணும்னா நார்ன். நார்வே கடல்ல 380 மீட்டர் தண்ணி ஆழத்துல இருக்கு, 1997-ல கப்பல்லருந்து ப்ரொடக்ஷன் ஆரம்பிச்சாங்க, எண்ணெய் பெரும்பாலும் இலே, டோஃப்டே லேயர்ல, மேல கார்ன்ல கேஸ், நடுவுல நாட்னு ஒரு ஷேல் ரெண்டையும் பிரிச்சு வைக்குது. ஆரம்பத்துல கேஸும் ஏத்துனாங்க, 2005-ல அத நிறுத்திட்டு தண்ணி ஏத்துறத வச்சே ஓட்டுறாங்க. இந்த ஃபீல்டோட முழு சிமுலேஷன் மாடலும் பொதுவுல இருக்கு, 46-க்கு 112-க்கு 22, ஆக்டிவா சுமார் 44 ஆயிரம் செல், 2006 வரைக்கும் உள்ள வரலாறோட. ஓபிஎம் டேட்டா ரெப்போலயே டெக் கிடைக்கும். 2021-ல ஓபிஎம் டீம் வெளியிட்ட பேப்பர்ல நார்ன் ரிசல்ட்ட கமர்ஷியல் சிமுலேட்டர் ரிசல்ட்டோட பக்கத்துல வச்சு காட்டியிருக்காங்க, கோடுகள் நல்லாவே ஒத்துப்போகுது. ஃபால்ட் (பாறை உடைஞ்சு விலகுன இடம்), ஹிஸ்டெரிசிஸ், எண்ட்பாயின்ட் ஸ்கேலிங், லேயருக்கு நடுவுல ட்ரான்ஸ்மிசிபிலிட்டி மல்டிப்ளையர் (ஓட்டத்த கூட்டவோ குறைக்கவோ பெருக்குற நம்பர்)னு நிஜ மாடல்ல வர்ற எல்லா சிக்கலும் இதுல இருக்கு, அத தாண்டி ஓடுதுன்னா நம்பிக்கை வராம எப்படி இருக்கும்?

நார்ன் டெக்க திறந்து மல்டிப்ளையர் பகுதிய ஒரு தடவை பொறுமையா படிங்க. தண்ணி எந்த ஃபால்ட்ட தாண்டுது எந்த லேயர தாண்டல, எல்லாமே அந்த நம்பர்ல தான் இருக்கு. அதுல ரெண்ட மாத்தி ஓட்டுனா ஒரு பக்கம் ஸ்வீப் ஆன ஏரியா அடுத்த பக்கம் போயிடும். நார்ன்ல 2001-ல ஆரம்பிச்சு 2003, 2004, 2006-ன்னு திரும்ப திரும்ப சீஸ்மிக் (ஒலி அலைய அனுப்பி பாறைய படம் பிடிக்கிறது) எடுத்து தண்ணி எங்க வரைக்கும் வந்திருக்குன்னு கடலுக்கு மேலருந்தே பாத்தாங்க. அந்த மாதிரி தகவல் கையில இருந்தா மாடல திருத்த வழி இருக்கு. வெறும் கிணத்து டேட்டாவ மட்டும் வச்சு மேட்ச் பண்ணா ஒரே வாட்டர்கட்ட பத்து விதமான மல்டிப்ளையர் குடுக்கும், இது எவ்ளோ பெரிய சாஃப்ட்வேர் வாங்குனாலும் தீராத பிரச்சனை.

இப்ப மிச்ச குறை. எரர் மெசேஜ் முன்னவிட நல்லா வந்திருக்கு, இருந்தாலும் புதுசா வர்றவங்கள அழ வைக்கும், ஒரு கீவேர்டுக்கு கடைசில ஸ்லாஷ் விட்டுட்டா அது வேற எங்கயோ பத்து வரி தள்ளி கத்தும். சப்போர்ட் இல்லாத கீவேர்டு இருந்தா சிலதுக்கு வார்னிங் குடுத்துட்டு தாண்டி போகும், சிலதுக்கு அங்கயே நின்னுடும், அதனால வேற சிமுலேட்டருக்கு எழுதுன பழைய டெக்க கொண்டு வர்றவங்க ரன் முடிஞ்சுதேன்னு நம்பிடாம ப்ரின்ட் ஃபைல்ல வார்னிங் எல்லாத்தையும் ஒரு தடவை படிக்கணும். மேனுவல் ஆயிரக்கணக்கான பக்கம், ரொம்ப உழைச்சு எழுதியிருக்காங்க, தேடுறதுக்கு அருமை, ஆனா முதல் பக்கத்துலருந்து படிச்சு கத்துக்க அது ஏத்ததில்ல. முதல் மாசம் யாராவது தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா நல்லது. போன் போட்டு கேக்க சப்போர்ட் ஆளு கிடையாது, ஆனா கிட்ஹப்ல கேட்டா எழுதுனவங்களே வந்து பதில் சொல்றத பாத்திருக்கேன்.

ப்ரீ ப்ராசஸிங்கும் இல்ல. கிரிட் கட்டுறது, ஜியாலஜி மாடல் செய்யுறது எல்லாம் வேற எங்கயாவது முடிச்சுட்டு வரணும். நேரா கட்டம் கட்டமா உள்ள மாடலுக்கு பைத்தான்ல நாலு வரி எழுதுனா போதும், ஃபால்ட்டும் மடிப்பும் உள்ள கார்னர் பாயின்ட் கிரிட்டுக்கு அப்படி முடியாது. மேட்லாப் இருக்குறவங்க சின்டெஃப்போட எம்ஆர்எஸ்டி டூல்பாக்ஸ பாக்கலாம், பாடம் மாதிரி படிப்படியா கத்துக்க அதுதான் சிறந்தது, பெரிய மாடல வேகமா ஓட்ட ஃப்ளோ.

வாட்டர்ஃப்ளட்டுக்குன்னு தேவைப்படுற கண்ட்ரோல் எல்லாம் ஃப்ளோவுல இருக்கா? இருக்கு. எடுத்த அளவுக்கு ஈடா தண்ணி ஏத்துற வாய்டேஜ் ரீப்ளேஸ்மென்ட்ட க்ரூப் லெவல்ல குடுக்கலாம், வாட்டர்கட் ஒரு அளவ தாண்டுனா கிணத்த மூட சொல்லலாம். தண்ணிய கெட்டியாக்க கலக்குற பாலிமரும் இருக்கு, அத கண்டிப்பா போட்டு பாருங்க. முன்னாடி போட்ட அதே பக்லி லெவரெட் கணக்குல தண்ணிய எண்ணெய் அளவுக்கே கெட்டியாக்கி மொபிலிட்டி ரேஷியோவ 10-லருந்து 1-க்கு கொண்டு வந்தா பிரேக்த்ரூல எடுக்குற எண்ணெய் 35-லருந்து 62 சதவீதமா ஏறுது. இது ஐடியலா பாலிமர் பாறைல ஒட்டாம, உப்புல கெடாம இருந்தா வர்ற நம்பர். அந்த நஷ்டத்தையும் டெக்ல சேத்து ஓட்டுனா 62 எங்க இறங்கி நிக்குதுன்னு தெரியும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க இந்த வரிசைல போங்க: முதல்ல ஒத்த வரிசை செல்லு, கையால போட்ட கணக்கோட ஒப்பிட்டு. அப்புறம் ஃபைவ் ஸ்பாட் ரெண்டு திசைல. அப்புறம் எஸ்பிஇ 10-ல ரெண்டு லேயர், பிறகு எக் மாடல் நூறும். நார்ன கடைசில தொடுங்க, முதல்லயே அத திறந்தா கீவேர்டு மழைல மூழ்கிடுவீங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, கேக்குறப்ப டெக்கோட சேத்து ப்ரின்ட் ஃபைலோட கடைசி பகுதியையும் ஒட்டுங்க, அது இல்லாம எங்க உடைஞ்சுதுன்னு கண்டுபிடிக்கிறது ரொம்ப கஷ்டம்.